நாற்றுக் கணக்கு

மஷாடோ டி அஸிஸ் எழுதிய 'டோம் காஸ்முர்ரோ' நாவலில் (1899) புதுமணத் தம்பதி மலைக்குப் போகிறார்கள். வருஷம் 1865. மார்ச் மாதத்து மாலை, மழை. மலையின் பெயர் திஜூகா. ரியோ டி ஜெனிரோவின் வசதியுள்ளவர்கள் வெயிலுக்கும் காதலுக்கும் ஒதுங்குகிற இடம். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது கதையைச் சொல்லும் பென்டின்யோவுக்கு முக்கியமில்லை. மனைவியின் கண்களைத் தவிர வேறெதையும் அவனுக்கு உற்றுப் பார்க்க வராது. நாவலின் விஷயமே அதுதான் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் தடவை படித்தபோது நான் அந்த வருஷத்தில் இடறினேன். 1865 மார்ச்சில் அந்த மலைச் சரிவுகளில் மூன்று வயது நாற்றுகள் நின்றுகொண்டிருந்தன. நான்காவது நடவுப் பருவம் முடிகிற தறுவாய். மழை தம்பதிகளுக்காக மட்டும் பெய்யவில்லை. அழிந்த காட்டைத் திரும்ப உண்டாக்க அரசாங்கமே முனைந்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று, நாவலின் தேனிலவுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாவலில் அது இல்லை. இல்லாததைக் குறையாகச் சொல்ல வரவில்லை. நாவலாசிரியன் நாற்றுப் பண்ணைக்கு மேஸ்திரி அல்ல. ஆனால் இந்த இல்லாமையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மலைக்குள் போக நேர்ந்தது.

திஜூகா இன்று தேசியப் பூங்கா, 3,953 ஹெக்டேர். 1961ல் அறிவிக்கப்பட்டு 1967ல் இப்போதைய பெயரைப் பெற்றது. கொர்க்கொவாடோ குன்றின்மேல் கை விரித்து நிற்கும் கிறிஸ்து சிலையின் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சிலையின் காலடியில் தெரிகிற பச்சை இந்தப் பூங்காவினுடையது. ஆதிகாலத்திலிருந்து அப்படியே நிற்பது போன்ற தோற்றம். அந்தத் தோற்றத்தை நம்பிவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதில் பெரும் பகுதி காப்பித் தோட்டம்.

காப்பி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியோவுக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திஜூகா சரிவுகளில் ஏறியது. அங்கு குடியேறித் தோட்டம் போட்டவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. 1816ல் வந்த ஓவியர் தோனே ஓர் அருவிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார். அருவி இன்றும் அவர் பெயரோடு இருக்கிறது. வீடு கட்டியவன் பெயர் அருவிக்கு நின்றுவிடுகிறது; கல் சுமந்தவன் பெயர் எதற்கும் நிற்பதில்லை. மரத்தை வெட்டி, எரித்து, சரிவில் மேலிருந்து கீழாக வரிசை பிடித்துக் காப்பிச் செடியை வைத்தார்கள். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. மண் சக்கையானதும் காப்பி பரைபா பள்ளத்தாக்குக்கு இடம் மாறியது. மலை மொட்டையாக மிஞ்சியது. இந்தக் கதையின் பெரிய வடிவத்தை வாரன் டீன் பிரேஸிலின் அட்லாண்டிக் காடு பற்றிய தம் நூலில் (1995) சொல்லியிருக்கிறார். ஐநூறு வருஷத்து அழிவை இப்படி உட்கார்ந்து கணக்குப் பார்த்த வேறொரு புத்தகம் நான் படித்ததில்லை.

ரியோவின் தண்ணீர் அந்த மலையிலிருந்து வந்தது. கரியோகா ஆற்று நீரை நகரத்துக்குக் கொண்டுவந்த கல் வளைவுகள் 1750ல் முடிந்தவை. இப்போதும் நிற்கின்றன. 1808ல் போர்ச்சுகல் ராஜ சபையே கப்பலேறி வந்து இறங்கிய பிறகு நகரம் வீங்கிற்று, ஊற்றோ சுருங்கிற்று. 1820களிலிருந்து வறட்சி திரும்பத் திரும்ப வந்தது. 1843-44ல் வந்தது கடுமையானது. ஊற்றுகளைச் சுற்றியுள்ள நிலங்களை வாங்கி மரம் வைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. பேச்சு காகிதமாகி, காகிதம் நிலமாக மாறப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1856லிருந்து நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அரசாங்கத்துக்கு அழகின் மீது மோகம் வந்ததால் அல்ல. குழாயில் தண்ணீர் வராததால்.

1861 டிசம்பர் 11ந் தேதி திஜூகா, பைனேராஸ் என்ற இரண்டு காடுகளையும் நட்டுப் பாதுகாப்பதற்கான தற்காலிக விதிமுறைகள் பிறந்தன. நாற்றுகளை ஒன்றுக்கொன்று இணையான நேர்கோடுகளில் வைக்கவேண்டும் என்பது விதி. காட்டைக் கூட நேர்கோட்டில்தான் யோசிக்க முடிந்திருக்கிறது ஓர் அலுவலகத்தால். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் கோடு போட்ட தாளில் வாழ்கிறவன். திஜூகாவுக்கு நிர்வாகியாக வந்தவர் மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர். படித்த தாவரவியலாளர் அல்ல. குவாரதீபாவில் சொந்த நிலம் உடையவர், மரங்களைக் கையால் அறிந்தவர். நாற்றுகளில் ஒரு பகுதியைத் தம் நிலத்திலிருந்தே கொண்டுவந்தார். 1862 ஜனவரியில், மழைக்காலத்தின் நடுவில், நடவு தொடங்கிற்று. 1874ல் அவர் விலகும்வரை பதின்மூன்று வருஷம்.

அவரிடம் ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆறு பேரும் அடிமைகள். பெயர்கள் இருக்கின்றன: எலியூத்தேரியோ, கான்ஸ்டன்டினோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்டோ, மரியா. மேஜரின் பெயரும் மனுவேல்தான். ஒரே பெயர்தான், ஒருவருக்கு முன்னால் பதவியும் பின்னால் இரண்டு குலப் பெயர்களும். மற்றவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காட்டை மீட்கும் வேலையில் நடுவது சின்னப் பகுதிதான். மீதியெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது. மழையில் வைத்த நாற்று மழை நின்ற பிறகும் நிற்கிறதா. வேர் பிடித்ததா, எறும்பு இலையை அறுத்துக்கொண்டு போயிற்றா, புல் ஏறி மூடிவிட்டதா. செத்ததை எண்ணி, எண்ணியதைக் குறித்து, அடுத்த மழைக்கு அதே குழியில் இன்னொன்றை வைப்பது. இந்த வேலைக்கு வருஷத்தில் இரண்டே பருவந்தான்: வைக்கிற பருவம், எண்ணுகிற பருவம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை. நட்டவர் படத்துக்கு நிற்கலாம்; எண்ணுகிறவனை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆர்ச்சர் வருஷா வருஷம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். எத்தனை நாற்று என்பது அதில் கணக்காக வந்தது. ஆனால் சரிவில் குனிந்து, இது உயிரோடிருக்கிறது, இது செத்துவிட்டது என்று தொட்டுப் பார்த்துச் சொன்ன விரல் யாருடையது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த மலையில் மரம் வெட்டியதும் காப்பி வைத்ததும் அடிமைகளின் கைகள். இப்போது காப்பி இருந்த இடத்தில் மரம் வைத்ததும் அடிமைகளின் கைகள். அழித்தது யார், மீட்டது யார் என்று தார்மீகமாகப் பேச விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். இரண்டுமே உத்தரவுகள். உத்தரவு மாறிற்று, கை மாறவில்லை.

ஆர்ச்சர் காலத்தில் நடப்பட்டவை ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 'மனிதன் நட்ட காடு' என்று திஜூகா புகழ்பெற்றதற்கு இதுவே ஆதாரம். பழக்க தோஷத்தில் நான் பென்சிலை எடுத்தேன். ஐந்து மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் ஒரு ஹெக்டேருக்கு 400 மரம். ஒரு லட்சம் மரத்துக்கு 250 ஹெக்டேர். ஒன்றுகூடச் சாகவில்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இன்றைய பூங்காவில் பதினைந்தில் ஒரு பங்கு தேறாது. மீதி எங்கிருந்து வந்தது? தானாக வந்தது. கத்தியும் நெருப்பும் விலகிய பிறகு, பள்ளங்களிலும் செங்குத்துகளிலும் தப்பி நின்ற பழைய மரங்களிலிருந்து பறவையும் காற்றும் கொண்டுவந்து போட்டது. ஆராய்ச்சியாளர்களும் இப்போது இதைச் சொல்லிவருகிறார்கள். நடவு காட்டை உண்டாக்கவில்லை. காடு திரும்பிவருவதற்கு ஒரு கை கொடுத்தது.

இது உண்மை. உண்மை என்பதால் எனக்கு ஒரு சங்கடம். நூறு வருஷமாகச் சக்கரவர்த்தி இரண்டாம் பெத்ரூ காட்டை நட்டார் என்றார்கள். பிறகு மேஜர் ஆர்ச்சர் நட்டார் என்றார்கள். ஆறு பெயர்களும் பொதுப் பேச்சில் மெல்லத் தலைகாட்டத் தொடங்கிய நேரத்தில், அடடா, யாருமே நடவில்லை, காடு தானே முளைத்துக்கொண்டது என்று தீர்ப்பு வருகிறது. விஞ்ஞானத்தில் குறையில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். பெருமை இருந்தவரை அது அரண்மனைக்குப் போயிற்று. பங்கு கேட்க ஆள் வந்ததும் பெருமையே இல்லை என்று ஆகிவிட்டது.

இதில் பிரேஸிலை மட்டும் பழிப்பதற்கில்லை. பட்டினப்பாலை கரிகாலனைப் பாடும்போது காட்டை அழித்துக் குடி அமைத்த செயலையும் சேர்த்துத்தான் பாடுகிறது. வினை அரசனுடையது. கோடரி பிடித்தவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. நம் புலவர்கள், அவர்களுக்கு உரை எழுதியவர்கள், உரைக்கு விமர்சனம் எழுதுகிற நாம், எல்லோரும் இந்த இலக்கணத்துக்குள்ளேயே சௌகரியமாக இருந்துவருகிறோம். அழித்தாலும் எழுவாய் அரசன், நட்டாலும் எழுவாய் அரசன். அரசன் போன பிறகு அந்த நாற்காலியில் 'இயற்கை' வந்து உட்கார்ந்துகொண்டது. நம் கவிதை விமர்சனத்தில் இயற்கை என்ற சொல்லை உழைப்பை மறைக்கும் திரையாக நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு கவிஞரின் தோப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். தோப்புக்குத் தண்ணீர் கட்டியவன் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மஷாடோவுக்குத் திரும்புகிறேன். அவர் விடுதலை பெற்ற அடிமைகளின் பேரன். வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறவரின் மகன். வாழ்நாள் முழுக்க உத்தியோகஸ்தர். 1873 டிசம்பர் கடைசி நாளில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது விவசாய, வணிக, பொதுப்பணி அமைச்சகத்தில். திஜூகா காடு அதே அமைச்சகத்தின் பொறுப்பு. ஆர்ச்சரின் அறிக்கைகள் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அவர் விலகியது 1874ல். ஆக, சில மாதங்களாவது நாற்றுக் கணக்கும் நாவலாசிரியரும் ஒரே ஸ்தாபனத்துக்குள் இருந்திருக்கிறார்கள். 1876லிருந்து மஷாடோ ஒரு பிரிவின் தலைவர். அந்தப் பிரிவு கவனித்த விஷயங்களில் 1871ன் சட்டம் ஒன்று. அடிமைத் தாய்க்கு இனிமேல் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என்று சொல்லிவிட்டு, இருபத்தொரு வயதுவரை அதன் உழைப்பை எஜமானன் வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்ன சட்டம். அந்தச் சட்டத்தின்படி நாட்டிலுள்ள அடிமைகள் அனைவரையும் பெயர், நிறம், வயது, தெரிந்த வேலை என்று பதிவு செய்தார்கள். பதிவு செய்யத் தவறினால் அடிமை விடுதலை. மஷாடோ தம் அலுவலகக் குறிப்புகளில் விடுதலையின் பக்கமே சட்டத்தை வாசித்தார் என்பதை வரலாற்றாளர் சிட்னி ஷலூப் 2003ல் வெளிவந்த புத்தகத்தில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஒரே அமைச்சகம், இரண்டு பேரேடு. ஒன்றில் மரங்கள், மற்றதில் மனிதர்கள். ஒன்றில் நாற்று எண்ணப்படுவது வாழவேண்டும் என்பதற்காக. மற்றதில் மனிதன் எண்ணப்படுவது தப்பிப் போகாமலிருப்பதற்காக. குமாஸ்தாவாக இருந்து பேரேட்டை உள்ளேயிருந்து பார்த்த ஒருவரால்தான் 'டோம் காஸ்முர்ரோ'வை எழுதியிருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. பென்டின்யோவின் தாய் வீட்டு வாடகையிலும், கூலிக்கு விட்ட அடிமைகளின் வருமானத்திலும் வாழ்கிறவள். அதை அவன் போகிறபோக்கில் சொல்கிறான், வருத்தமில்லாமல். வாசகன் அதைக் கவனிக்காமல் தாண்டுகிறான். தாண்டவைத்ததில்தான் மஷாடோவின் குரூரம்.

அந்த நாவலின் இன்னொரு விஷயம், மீட்பு. கிழவனான பென்டின்யோ தான் வளர்ந்த வீட்டை, அது இடிக்கப்பட்ட பிறகு, வேறொரு பேட்டையில் அச்சு அசலாகக் கட்டிக்கொள்கிறான். அதே அறைகள், அதே சுவர்ச் சித்திரங்கள். வீடு வந்துவிட்டது, அவன் வரவில்லை. மீட்டெடுத்த காட்டைப் பற்றி எழுதுகிற விஞ்ஞானிகள் இந்த இரண்டாம் அத்தியாயத்தைப் படிப்பது நல்லது. அவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகு வரும்.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நான் வங்கிக் கிளார்க். முதலில் சேர்ந்த கிளையில் ஒரு தற்காலிக ஆள் இருந்தார். தண்ணீர் பிடிப்பார், பேரேடு தூக்குவார், ரிக்கார்டு அறையில் கரையான் வந்ததா என்று வாரம் ஒருமுறை பார்ப்பார். எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தொடர்ந்து 240 நாள் வேலை பார்த்தவருக்கு அப்போதிருந்த சட்டம் சில உரிமைகளைத் தந்தது. அதனால் அவருடைய கூலி வவுச்சரில் சில மாதம் ஒரு பெயர், சில மாதம் வேறொரு பெயர். தலைப்பு எப்போதும் 'சில்லறைச் செலவு'. எழுதியது நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று மேனேஜர் என்னிடம் கொடுப்பார். அண்ணே, இந்த மாசம் என்ன பெயர் போடட்டும் என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன். "உனக்குப் பிடிச்ச பேரா போடு தம்பி, காசு வந்தாச் சரி" என்றார். அவருடைய நிஜப் பெயரில் எத்தனை வவுச்சர் எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. எலியூத்தேரியோ, கான்ஸ்டன்டினோ என்று அந்த ஆறு பெயர்களைப் படித்த இரவு எனக்கு வந்த முதல் எண்ணம் வெட்கமாக இருந்தது: இவர்களுக்காவது நிஜப் பெயர் போட்டிருக்கிறார்கள். உடைமையாக இருந்தால் பெயர் சரியாக இருக்கவேண்டும். கூலியாக இருந்தால் எந்தப் பெயரும் போதும்.

இது நம் ஊர் சாமர்த்தியம் மட்டுமல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மரங்களை அளந்து குறித்துவைக்கிற வேலைகளில் பருவகால ஊழியர்கள் நிறைய. தற்காலிக நியமனமானால் வருஷத்துக்கு 1,040 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்வது வெகுநாள் வழக்கமாக இருந்தது. காடு வளர இருநூறு வருஷம். பார்த்துக்கொள்கிறவருக்கு ஆறு மாதம்.

திஜூகாவில் ஆர்ச்சருக்குப் பிறகு வந்தவர் தெஸ்க்ரான்யோல் பிரபு. அவர் காட்டைப் பூங்காவாக்கினார். குகை, பாலம், காட்சி மேடை, இத்யாதி. 1888ல் இறந்தார். அதே 1888 மே 13ந் தேதி பிரேஸிலில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. அடுத்த வருஷம் முடியாட்சியும் போயிற்று. குடியரசு காட்டை மறந்தது. 1940களில் காஸ்த்ரோ மாயா என்ற தனவந்தர் பெயரளவுக்கு ஒரு சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சீர்செய்தார். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

மரங்கள் வந்தன; மிருகங்கள் வரவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கு ஊளைக் குரங்கு இல்லை. பெரிய விதைகளைத் தூக்கிச் சென்று புதைத்து, சிலவற்றை மறந்துவிட்டு, மறதியாலேயே மரம் வளர்க்கும் அகூட்டி என்ற கொறிக்கும் பிராணியும் போய்விட்டிருந்தது. மரம் இருக்கிறது, அடுத்த மரத்தை வைக்க ஆளில்லை. பென்டின்யோவின் வீடு மாதிரி. 2010ல் அகூட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பழைய பூங்காவில் அவை பெருகிக்கிடந்தன, அங்கிருந்து. 2015ல் ஊளைக் குரங்கு. 2020ல் ஆமை. குரங்கு தின்று கழிக்கிறது. சாண வண்டு அந்த எச்சத்தை உருட்டிக்கொண்டு போய் விதையோடு மண்ணில் புதைக்கிறது. இவற்றின் பின்னால் ஆட்கள் நடக்கிறார்கள், பெரும்பாலும் மாணவர்கள். கழுத்துப் பட்டையிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டு, எங்கே தின்றது, எங்கே தூங்கியது, உயிரோடிருக்கிறதா என்று நோட்டில் குறிக்கிறார்கள். குரங்குகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் எண்ணுகிற மரங்களில் ஒன்று நமக்குத் தெரிந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டில் பலாவைச் சக்கை என்போம். மலையாளத்தில் சக்க. போர்ச்சுகீசியர் அதை ஜாக்கா என்று வாயில் போட்டுக்கொண்டு, பதினேழாம் நூற்றாண்டில் விதையோடு பிரேஸிலுக்குக் கொண்டுபோனார்கள். திஜூகாவில் அது கொழுத்துப் பரவிவிட்டது. மற்ற நாற்றுகளை எழவிடாமல் அடியில் தன் கன்றுகளையே நிரப்பிக்கொள்கிறது. மீட்புத் திட்டத்தின் பாஷையில் அது அந்நிய ஆக்கிரமிப்பாளன். பூங்கா அதைக் குறைத்துவருகிறது. பட்டையை வளையமாக உரித்து, நின்றபடியே காயவிடுவது ஒரு முறை. ஆனால் பழக் காலத்தில் காட்டு மிருகங்கள் அதைத் தின்றுதான் வயிறு நிரப்புகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உரித்துவிட முடியாது. எனவே யாரோ ஒருவர் சரிவில் ஏறிப் போய் ஒவ்வொரு பலாவாகத் தொட்டுப் பார்த்து, சுற்றளவு எடுத்து, இது இந்த வருஷம், இது அடுத்த வருஷம் என்று பிரிக்கவேண்டியிருக்கிறது.